பள்ளத்தில் நட்ட கொம்பு

ஆள் உயரத்துக்கு ஒரு பூவரசங்கிளை, நுனியில் கிழிந்த சிவப்புத் துணி. எண்பதுகளின் கடைசியில், மேற்குப் புறநகரில் நகராட்சிச் சாலைப் பணியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வைத்த பலகைகளை யாரும் மதித்ததில்லை. இந்தக் கிளையைத்தான் டிரைவர்கள் நம்பினார்கள். மழைத் தண்ணீர் நின்றுவிட்டால் எது பள்ளம், எது தரை என்று தெரியாது. முதலில் விழுந்து எழுந்தவன் ஒரு கிளையை ஒடித்துப் பள்ளத்தில் சொருகிவிட்டுப் போவான். அதைக் கொம்பு என்பார்கள். கொம்பு இருந்தால் ஒதுங்கு, இல்லாவிட்டால் நேராகப் போ. எங்கள் பக்கத்துச் சாலை விதி அவ்வளவுதான்.

அந்த விதியை நோன்பு போலக் காத்தவர் ஓர் ஆட்டோ டிரைவர். ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே, எனக்கும் அப்படித்தான். நூம்பலில் நெல் விளைவித்த குடும்பம், நிலமெல்லாம் மனையான பிறகு ஆட்டோவுக்கு வந்தவர். ஆவடி ஸ்டேஷனுக்கு சவாரி போகும்போதுகூட, சாய்ந்த கொம்பைக் கண்டால் இறங்கி நிமிர்த்திவிட்டுத்தான் நகர்வார். சவாரி முணுமுணுத்தால், "இரு நைனா, பின்னால ஒருத்தன் புள்ளகுட்டியோட வந்துகினு கீறான்" என்பார். என்னைக் கண்டால் கிண்டல்தான். "இன்னா சார், உன் வேலைய நான் பாக்கறேன். ஆபீஸ்ல எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லேன்."

ஓர் ஐப்பசியில், மேலதிகாரி சாலையைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. கையில் தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை. பள்ளத்தில் செம்மண்ணைக் கொட்டி மிதிக்கச் சொன்னேன். கொம்பு கண்ணை உறுத்தியது. ஆட்களிடம் சொல்லியிருக்கலாம், நானே பிடுங்கி வேலியோரம் எறிந்தேன். ஜீப்பிலிருந்து இறங்காமலே அதிகாரி சாலையைப் பார்த்தார். "சுத்தமா வெச்சிருக்கே. நல்ல காரியம்" என்றார். வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன்.

அன்று மாலையே மழை கொட்டியது. மண்ணெல்லாம் கரைந்து போய், பள்ளம் தண்ணீருக்கடியில் பழையபடி கிடந்தது. அந்தப் பள்ளத்தை என்னைவிட நன்றாக அறிந்த அண்ணாத்தே, கொம்பு இல்லாததைப் பார்த்து நேராக விட்டார். ஆட்டோ கவிழ்ந்தது. சவாரி யாரும் இல்லை. அவருடைய வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆட்டோவில் பிரேக் மிதிக்கிற கால் அதுதான்.

மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன்.

"கொம்பு இல்ல சார். சரி, நம்ம சார் பள்ளத்த மூடிட்டாருன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "எவன் சார் புடுங்கினான், தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியலையே, அண்ணாத்தே."

அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவே இல்லை. ஸ்டாண்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு சவாரி கூப்பிட்டுக் கொடுத்தார். நான் போனால், அந்தக் காலோடு எழுந்து நிற்கப் பார்ப்பார். அது எனக்குத் தாங்காது. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வருஷங்களைத் தள்ளினேன். கடைசியில் சாவு மாலையோடுதான் அவர் வீட்டுக்குப் போனேன்.

போன மழையில் அதே சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சாலை அகலமாகிவிட்டது, பள்ளம் மட்டும் புதிது. யாரோ நட்ட கொம்பு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நனைந்துகொண்டே அதை நிமிர்த்திக் கல் முட்டுக் கொடுத்தேன். ஓர் இளம் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து ஒதுங்கினார்.

"நல்ல காரியம் சார்" என்றார்.

"நான் புடுங்கினவன்பா" என்றேன். அதற்குள் ஆட்டோ பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டது.