விளக்கின் கீழ் இருந்த தாள்

வைரவருக்குப் பொங்கிப் படைக்கும் மடைக்கு ஆண்டுதோறும் கூடும் அடியார்களே, இந்தச் சாட்சியைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் உறுதிசெய்துகொண்ட செய்திகளை மட்டுமே இதில் எழுதுகிறேன். ஒன்றை நானே கண்டிருக்க வேண்டும், அல்லது அது தாளில் எழுத்தாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவிடத்து, இருவர் தனித்தனியே சொன்னது ஒத்திருக்க வேண்டும். இதற்குக் காரணம் பக்திக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். எனக்கு வலிப்பு நோய் உண்டு. என் நாள்களிற் சில நிமிடங்கள் எனக்குச் சொந்தமில்லாமற் போய்விடுகின்றன. தன் நினைவையே முழுதாக நம்ப இயலாத ஒருத்தி இறைவனின் பெயரைச் சொல்லி எழுதும்போது மற்றவர்களிலும் கூடுதலாக அஞ்ச வேண்டும். நான் அஞ்சியே எழுதுகிறேன்.

நோய் பன்னிரண்டு வயதில் வந்தது. மருந்து தவறாது எடுத்து வந்ததால் நிலத்தில் விழும் பெருவலிப்பு அரிதாகவே வரும். ஆனால் மற்றொன்று உண்டு. விழிகள் திறந்திருக்கும். கையில் பேனா இருக்கும். நான் இருக்கமாட்டேன். ஒரு நிமிடமோ இரண்டோ கழித்து மீள்வேன். எதிரில் இருப்பவர் சொல்லாவிட்டால் நான் போனதும் வந்ததும் எனக்கே தெரியாது.

சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அங்கே பெரும்பாலும் கல்வெட்டுகளே அச்சாகும். இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையும் திதியையும் தேவாரங்களையும் சேர்த்து, முப்பத்தோராம் நாட் கிரியைக்கு வருவோர் கையில் கொடுக்கும் நூலைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்கிறோம். பண்டித வகுப்பில் நான் கற்ற தமிழ் முழுவதும் இறந்தவர்களுக்கே பயன்பட்டது. பதினோர் ஆண்டுகள் அங்கே வேலை செய்தேன். பதினோர் ஆண்டுகளும் நோயை மறைத்தேன். மறந்த நிமிடங்கள் வேலையைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக, பார்த்து முடித்த ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்பு மையால் என் முதலெழுத்தையும் நேரத்தையும் குறிப்பேன். அதை எல்லோரும் ஒழுங்கு என்று மெச்சினார்கள். உண்மையில் அது அச்சம்.

சென்ற ஆண்டு வைகாசியில் அச்சகத்து முன்கூடத்தில், கல்வெட்டுக் கொடுக்க வந்திருந்த ஒரு குடும்பத்தின் முன்னால் விழுந்தேன். கண் விழித்தபோது என் கைக்குள் அச்சகத்தின் சாவிக்கொத்து இருந்தது. வலிப்பை வலி என்போம்; வலி வந்தால் இரும்பு பிடிக்கக் கொடுப்பது எங்களவர் வழக்கம். அடுத்த நாள் தொடக்கம் அந்தச் சாவிக்கொத்து எனக்குத் தரப்படவில்லை. காலையில் முதலில் வந்து கதவு திறப்பவள் நான். இப்போது வெளியே நின்று காத்திருந்தேன்.

முதலாளி கடுஞ்சொல் பேசாதவர். நான் இருந்து வேலை செய்யும் கதிரையை முன்கூடத்திலிருந்து எடுத்து, தாள் அடுக்கும் பின்னறைக்குள் போடுவித்தார்.

“தங்கச்சி, செத்த வீட்டுச் சனம் ஏற்கெனவே மனம் நொந்து வருகுதுகள். உங்களைப் பாத்துப் பயப்பிடக்கூடாது, அதுதான்” என்றார்.

என் தேநீர்க் கோப்பை தனியாக வைக்கப்பட்டது. வலிப்புத் தொற்றாது என்று சொன்னேன். “ஓமோம், தெரியும்” என்றார்கள். கோப்பை தனியாகவே இருந்தது.

ஆனி மாதத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். பக்கம் அமைக்கும் கௌசி, நான் வேலைக்கிடையே சற்று நிமிர்ந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். பின் குனிந்து ஏதோ எழுதுவாள். அவளுக்கு முப்பது வயதும் இராது. என்னோடு அன்பாகவே பழகியவள். நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் விடை வந்துவிடும் என்று பயந்தேன்.

ஆடி மாதம் பருத்தித்துறையிலிருந்து ஒரு கல்வெட்டு வந்தது. இறந்தவர் கடற்றொழில் செய்தவர். அவருடைய மகன் ரூபன் முன்கூடத்தில் விவரங்களைத் தந்தது பின்னறையில் இருந்த எனக்குக் கேட்டது. வெண்பா வேண்டாம் என்றார். “அப்பாக்குப் பாட்டுக் கீட்டுப் பிடியாது. திதியை மட்டும் பெரிய எழுத்திலை போடுங்கோ. தங்கச்சி கனடாவிலை, அண்ணை லண்டனிலை. உதைப் பாத்துத்தான் அவையள் ஒவ்வொரு வருசமும் திவசம் செய்ய வேணும்.” திதி: ஆடி மாதம், தேய்பிறையாகிய அபரபக்கத் துவாதசி. மெய்ப்பு இரண்டு படிகள் வீட்டுக்குப் போயின. ஒன்று கையொப்பத்துடன் திரும்பி வந்தது. நூல் அச்சாகியது.

முப்பத்தோராம் நாள் பந்தி நடந்துகொண்டிருக்கையில் குருக்கள் கல்வெட்டை விரித்துப் பார்த்தார். அதில் வளர்பிறையாகிய பூர்வபக்கத் தசமி என்று இருந்தது. அதற்குள் நூல் எல்லோர் கையிலும் போய்விட்டது. வெளிநாட்டுக்கும் பொதி அனுப்பியாயிற்று. இரண்டு நாடுகளில் இரண்டு பிள்ளைகள், தந்தைக்கு உரியதல்லாத ஒரு நாளில் எள்ளும் தண்ணீரும் இறைக்க இருந்தார்கள்.

மறுநாட் காலை முதலாளி என்னை அழைத்தார். மேசையில் கௌசி எழுதிவந்த கொப்பி கிடந்தது. கையொப்பமிட்ட மெய்ப்புத்தாள் கோப்பில் இல்லை என்றார். கணினியிலும் பிழையாகவே இருக்கிறது என்றார். பிறகு கொப்பியைத் திறந்து வாசித்தார்.

“செவ்வாய், காலமை பத்தேகால், நிண்டவ. வியாழன், பின்னேரம் ரண்டரை, நிண்டவ, கூப்பிடக் காது கேக்கேல்லை.” நான் அசையாதிருந்த வேளைகளின் கணக்கு அது. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “தங்கச்சி, நான் உங்களைப் பிழை சொல்லேல்லை. உங்கடை வருத்தத்தைத்தான் சொல்லுறன்.”

நோயைத்தான் அவர் வருத்தம் என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. என்னைக் குற்றம் சாட்டியிருந்தால் மறுத்திருப்பேன். நான் இல்லாத நிமிடங்களைக் குற்றம் சாட்டினால் யார் மறுப்பது?

மாத முடிவோடு நின்றுகொள்ளச் சொன்னார். அதற்குமுன், நோயினால் நானே பிழை விட்டேன் என்று ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். அதை அந்த வீட்டுக்குக் கொடுத்தால் அச்சகத்தின் பெயர் தப்பும். “நீங்கள் வடிவா எழுதுவியள்தானே” என்றும் சொன்னார்.

அன்று முதல் என் கைகளையே நான் ஐயுற்றேன். உண்மையில் நான்தான் மாற்றினேனோ? விழி திறந்தபடி, பேனா கையிலிருக்க, யாருடையதோ ஒரு திதியை அந்த மனிதர் மேல் எழுதிவிட்டேனோ? இரண்டு வரியை ஒப்புநோக்கினால் கண் நம்பாது. விளக்கை அணைத்தேனா என்று மூன்று முறை எழுந்து பார்த்தேன். கடிதத்தை எழுதத் தாள் எடுத்தேன். ‘நான்’ என்ற சொல்லுக்கு அப்பால் பேனா போகவில்லை. உறுதியில்லாத ஒன்றை எழுத எனக்குத் தெரியாது.

அடியார்களே, நான் வைரவரிடம் சென்றது அப்போதுதான். வேலையைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. நோயைத் தீர் என்றும் கேட்கவில்லை. “செய்தது நானென்றால் அதை எனக்குக் காட்டு. செய்யவில்லையென்றால் அதையும் காட்டு. அறியாமல் எழுத வைக்காதே” என்றே கேட்டேன். வடைமாலை சாத்துவதாக நேர்ந்தேன். மூன்று வெள்ளிக்கிழமைகள் போனேன். எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை. பூ விழவில்லை. பல்லி சொல்லவில்லை. கருங்கல்லில் நட்ட சூலம் என்னைப் பார்த்தபடி நின்றது. மூன்றாம் வெள்ளி திரும்பி வருகையில், கேட்கப்படாதவர்களும் உலகில் இருப்பார்கள், அவர்களுள் நானும் ஒருத்தி என்று எண்ணினேன். அப்படி எண்ணியதை மறைக்க விரும்பவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள்களே இருந்தன. கடிதம் கொடுப்பதற்குமுன் அந்த வீட்டுக்கு நேரே சென்று மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானித்தேன். பருத்தித்துறைக்கு பஸ் எடுத்தேன்.

வீடு கடற்கரை வீதியில். வாசற் படலையில் ரூபன் நின்றார். நான் அச்சகத்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“ஓ, நீங்களோ அந்த வலி வாற ஆள்?”

அப்போதுதான் தெரிந்தது. கடிதம் எழுதப்படுமுன்பே என் நோய் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

“அப்பான்ரை நாளை மாத்திப் போட்டிட்டு இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்? தங்கச்சி அங்கை போனிலை அழுறாள், எது சரியெண்டு கேட்டு. நான் என்னத்தைச் சொல்ல?”

உள்ளிருந்து ஒரு குரல்: “தம்பி, ஆரது? படலையிலை வைச்சுக் கதையாதை. உள்ளுக்கு விடு.” இறந்தவரின் மனைவி பரமேஸ்வரி அம்மா. வெள்ளைச் சேலை, மெலிந்த உருவம். கூடத்தில் கணவரின் பெரிய படம். அதன் முன் ஒரு முக்காலியில் பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆண்டுத் திவசம் வரை அதை அணையவிடாதிருப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். நான் படத்தின் முன் கைகூப்பினேன். சுடரைப் பார்த்தேன். வாயில் உலோகச் சுவை வந்தது. அது எனக்கு எப்போதும் வரும் எச்சரிக்கை.

இதற்குப் பின் நடந்ததை நான் காணவில்லை. அன்று ரூபனிடம் கேட்டேன். சில நாள் கழித்து அவர் இல்லாத வேளையில் தாயிடம் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்திருந்தது. ஆகவே எழுதுகிறேன்.

நான் விளக்கின் பக்கமாகவே சாய்ந்தேனாம். தாய் என் தோளைப் பிடித்தார். மகன் தீ படாதபடி விளக்கை ஒரு கையால் தூக்கி எடுத்தார். விளக்கின் கீழே, எண்ணெய் ஊறி மஞ்சளாகிப்போன ஒரு தாள் நான்காக மடித்தபடி இருந்தது. விளக்கடியோடு ஒட்டி மேலே வந்து, பிறகு நழுவி விழுந்து விரிந்தது.

நான் மீண்டபோது என் தலை அந்த அம்மாவின் மடியில் இருந்தது. என் கையில் இரும்பு எதுவும் இல்லை. அவருடைய கைதான் இருந்தது. ரூபன் நிலத்தில் குந்தியிருந்து தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, இது எங்காலை?”

“அண்டைக்கு ரண்டு தாளெல்லே வந்தது. ஒண்டிலை நீ கையெழுத்து வைச்சுக் கொண்டு போனாய். மற்றதிலையும் அவரின்ரை முகம் கிடந்தது. முகம் உள்ள தாளை எறிய மனம் வருமே? கால்படாத இடமெண்டு விளக்குக்குக் கீழை வைச்சனான்.”

“இதிலை சரியாத்தானே கிடக்கு” என்றார் ரூபன். பிறகு என்னைப் பார்த்தார். “அக்கா, இதிலை கிடக்கிற சிவப்பு எழுத்து உங்கடையோ?”

அபரபக்கத் துவாதசி. மூலையில் என் முதலெழுத்து. காலை ஒன்பது நாற்பது. எண்ணெயில் மை பரவியிருந்தது. ஆயினும் வாசிக்க முடிந்தது. நான் பார்த்து விடுத்த தாளில் பிழை இல்லை.

அழுதேன். நெடுநேரம் அழுதேன். அந்த அம்மா, “அழாதை பிள்ளை, அவர்தான் எடுத்துத் தந்திருக்கிறார்” என்றார். அவர் சொன்னது தம் கணவரை. நான் நினைத்தது வைரவரை. இருவரும் ஒருவரையொருவர் திருத்தவில்லை.

மறுநாள் ரூபன் என்னுடன் அச்சகத்துக்கு வந்தார். முதலாளி தாளைப் பலமுறை புரட்டிப் பார்த்தார். கௌசி எழுந்து போய், ரூபன் வீட்டு நூலுக்கு முன் அச்சான வேறொருவரின் கல்வெட்டை எடுத்து வந்தாள். அதிலே பூர்வபக்கத் தசமி இருந்தது. எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய கல்வெட்டுக்குப் புதிய பக்கம் அமைப்பதில்லை. முன்னர் இறந்தவரின் பக்கத்தைத் திறந்து, பெயரையும் படத்தையும் நாளையும் நீக்கி, பின்னர் இறந்தவரை அதன்மேல் எழுதுவோம். திருத்தம் முடிந்தபின் யாரோ திருத்தாத படியைத் திறந்து அச்சுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஓர் இறந்தவரின் நாள் மற்றவரின் மேல் அப்படியே தங்கிவிட்டது.

“கொம்பியூட்டரிலை எங்கையோ மாறுப்பட்டுப் போச்சுது” என்றார் முதலாளி.

“கொம்பியூட்டருக்கும் வலி வாறதோ, ஐயா?” என்று கேட்டார் ரூபன்.

முதலாளி தலை குனிந்தபடி மேசை இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளினார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொன்னதாக எழுதமாட்டேன். திருத்திய நூல் மீண்டும் அச்சாகிக் கனடாவுக்கும் லண்டனுக்கும் சென்றது. என் கதிரை முன்கூடத்துக்கு வந்தது. கௌசி அன்று மாலை கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். “அக்கா, எழுதச் சொன்னவர். நான் மாட்டன் எண்டு சொல்லியிருக்க வேணும்” என்றாள். இப்போது நாங்கள் இருவரும் ஒரே தட்டிலிருந்து கோப்பைகளை எடுக்கிறோம்.

வடைமாலை சாத்தினேன். நோய் தீரவில்லை. மருந்தும் கிளினிக்கும் தொடர்கின்றன, தொடரவும் வேண்டும். ஆனால் இப்போது நான் எதையும் மறைப்பதில்லை. எனக்கு என்ன வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். நான் என் கண்ணுக்குக் காட்டும்படி கேட்டேன். வைரவரோ, நான் இல்லாத நிமிடத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டினார். அந்த நிமிடங்களிலும் ஒருவர் காவல் இருக்கிறார் என்பதே நான் பெற்ற விடை. உங்களுள் யாரேனும் ஒரு நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவீர்களாயின், உங்களைப் பற்றியும் எங்கோ ஒரு கொப்பி எழுதப்படுகிறதோ என்று நடுங்குவீர்களாயின், ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள். சூலத்தின் முன் நில்லுங்கள். உண்மையைக் கேளுங்கள். உடனே விடை வராவிட்டாலும் கேட்டதைத் திரும்பப் பெறாதீர்கள்.

இனி, தெரியாதவை. கையொப்பமிட்ட தாள் கோப்பிலிருந்து எப்படி நீங்கியது என்பது தெரியாது. பழைய பக்கத்தைத் திறந்தவர் யார் என்பது தெரியாது. கொப்பியில் பத்தொன்பது பதிவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஐந்து வேளைகளில் நான் ஒரு சொல்லைத் தேடி நிமிர்ந்திருந்தேன். அது எனக்கு நினைவுண்டு. மற்றைய பதினான்கு வேளைகளிலும் நான் அங்கே இருந்தேனா என்பது எனக்குத் தெரியாது.