மேகத்துக்குள் மருந்துக்காரர்

"மூவாயிரம் அடிக்கு இறங்குங்க. அப்படியே அந்தப் பாலையும் பாருங்க, பொங்கப் போகுது."

"மூவாயிரம் அடிக்கு இறங்குறேன். பாலைப் பாத்துக்கிறேன்," என்று சமையலறை நாற்காலியில் இருந்தபடியே திருப்பிச் சொல்கிறார் மருந்துக்காரர். கட்டுப்பாட்டுக் கோபுரம் எதைச் சொன்னாலும் விமானி அதை அப்படியே ஒப்பிக்க வேண்டும் என்பது விதி. இந்த வீட்டில் கோபுரம் அவர் மனைவி; வெங்காயம் உரித்துக்கொண்டே உத்தரவு போடுகிறார். மருந்துக்காரரின் கையில் கரண்டி. அதுதான் விமானத்தைத் திருப்பும் பிடி. தலையில் பயிற்சிப் பள்ளி கொடுத்த நீள மறைப்புத் தொப்பி. அதை மாட்டிக்கொண்டால் எதிரே உள்ள கருவிகள் மட்டும்தான் தெரியும், ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சுவரில் ஒட்டிய கருவிப் பலகைப் படத்தை அவர் வெறித்துக்கொண்டிருக்க, பால் பொங்கி அடுப்பு அணைந்தே போய்விட்டது.

ஐம்பதைத் தொடப்போகிற ஆள். சின்ன விமானத்தில் வயல்களுக்கு மேலே மருந்து தெளித்தே காலத்தை ஓட்டியவர், பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். மரத்துக்கும் மின்கம்பிக்கும் நடுவே புகுந்து வருவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கருவிகளை அவர் ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள், அவரும் மறுக்க மாட்டார். "கண்ணு எதுக்கு இருக்கு? உக்கார்ற இடம் எதுக்கு இருக்கு? விமானம் என்ன பண்ணுதுன்னு ரெண்டும் சொல்லிடும்" என்பார்.

அந்த வேலையை இப்போது ட்ரோன்கள் பிடுங்கிக்கொண்டன. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் விமான நிறுவனம் ஒன்று அவருக்காக இடம் வைத்திருக்கிறது. ஆனால் மேகத்திலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதியை அவர் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் பிழைப்பு தரையில்தான். சரக்குக் கிடங்கில் பொட்டலம் எடை போடும் வேலை ஒன்றை மனைவியின் அண்ணன் தயாராகப் பார்த்து வைத்திருக்கிறார். அந்தப் பேச்சை எடுத்தாலே மருந்துக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

படிப்பு ஏறுவதற்காகக் கருவிகளுக்கெல்லாம் உறவுமுறை வைத்தார். இறக்கை சாய்வதைக் காட்டுவது பெரியப்பா, உயரம் காட்டுவது மச்சான், திசை காட்டுவது தம்பி. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் முள் மட்டும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அசையும். அது சம்பந்தி. "லேட்டா வரும், வந்ததும் ஒரு ஆட்டம் ஆடும். அதுக்காக விட்டுட முடியுமா, சம்பந்தியாச்சே!" ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவருக்குக் கோபம் வரும், எல்லாரையும் சுற்றிச் சுற்றி விசாரிக்க வேண்டும் என்பது அவர் பாடம். பயிற்சி கொடுக்கும் பெண், அவருக்கு மகள் வயது, வயிறு வலிக்கச் சிரித்தார். அவரை இவர் கூப்பிடுவது டீச்சரம்மா என்று.

தொப்பியை மாட்டிக்கொண்டு மருந்துக்காரர் ஓட்டிய அழகைப் பார்த்து டீச்சரம்மாவே அசந்துபோயிருந்தார். கோடு போட்ட மாதிரி போவார். தேர்வு நாளன்று வானம் மூடிக்கிடந்தது. அன்று பார்த்து விமானம் ஊர் சுற்றப் போனது. இந்தப் பக்கம் திருத்தினால் அந்தப் பக்கம் ஓடியது. ஃபெயில். மறுநாள் டீச்சரம்மா அவரை எதிரே உட்காரவைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. இத்தனை நாளா எதைப் பாத்து ஓட்டுனீங்க?"

"கருவியைத்தாம்மா."

"அப்புறம்?"

மருந்துக்காரர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "கொஞ்சம் வெயிலையும். காதுல சூடு மாறுச்சுன்னா திரும்புறோம்னு தெரிஞ்சிடும். நம்ம முழங்கை நிழலு பலகை மேல நகரும், அதுவும் கண்ணுல படும். திருட்டுத்தனம் பண்ணணும்னு இல்லம்மா, தானா தெரியுது. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி எப்படி இருக்கிறது?"

"மேகத்துக்குள்ள உங்க காதுக்கு யாரு வெயில் குடுப்பா?"

இன்னும் ஒரு தேர்வு இருந்தது, அதுவரைதான் நிறுவனமும் பொறுக்கும். அன்றிலிருந்து சூரியன் தலைகாட்டாத நாளாகப் பார்த்தே டீச்சரம்மா அவரை மேலே அழைத்துப் போனார். ஒரு நாள் பிடியைத் தான் வாங்கிக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எப்படிப் போறோம்?" என்றார். "நேராத்தான்" என்றார் மருந்துக்காரர், சந்தேகமே இல்லாமல். கண்ணைத் திறந்தால் பெரியப்பா இடப்பக்கம் சரிந்து கிடந்தார், மச்சான் விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தார். அவசரமாகப் பிடியைத் திரும்ப வாங்கி நேராக்கினார். நேரானதும் உடம்பு, வலப்பக்கம் விழுகிறோம் என்று கூப்பாடு போட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது.

அன்று வீட்டில் கரண்டியைத் தொடவில்லை. "இவ்வளவு வருஷம் சோறு போட்ட உடம்பு. பொய் சொல்லுது பாரு" என்றார் மனைவியிடம்.

"பொய்யெல்லாம் இல்லங்க. அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. எங்க அண்ணன் பேச்சைக் கேக்குற மாதிரி கேளுங்க. தலையை ஆட்டிட்டு உங்க வேலையைப் பாருங்க."

சொந்த அண்ணனை இப்படி விட்டுக்கொடுக்கும் மனைவி கிடைக்க அவர் புண்ணியம் செய்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது தேர்வுக்குத் தொப்பியே தேவைப்படவில்லை. ஏறிய சற்று நேரத்தில் நிஜ மேகம் வந்து நாலு பக்கமும் மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. பக்கத்து இருக்கையில் தேர்வாளர், அளந்து பேசுகிற மனிதர், திறந்த பேனாவோடு இருந்தார். இடப்பக்கமாக ஒரு நீண்ட வளைவை முடித்து இறக்கையை நேராக்கியதும் உடம்பு தன் பாட்டை ஆரம்பித்தது. மருந்துக்காரர் மெல்ல மெல்ல இடப்பக்கம் சரிந்து, கதவில் தோள் அழுந்த, கழுத்தும் கோணி உட்கார்ந்தார். பிடித்த கை அசையவில்லை.

"ஏன் இப்படிச் சாஞ்சு உக்காந்திருக்கீங்க?" என்றார் தேர்வாளர்.

"வலப்பக்கம் விழறோம்னு உடம்பு சொல்லுதுங்க. அது திருப்திக்கு நான் சாஞ்சுக்கிறேன். விமானத்தைச் சாய்க்க மாட்டேன்."

தேர்வாளர் கருவிகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இறங்கும் பாதையில் பாதி வந்தபோது பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். குறை எழுத இனி ஒன்றும் இல்லை, தரையில் இறக்குவது மட்டும்தான் பாக்கி. அதை மருந்துக்காரர் தூக்கத்திலும் செய்வார்.

மேகம் கிழிந்தது. "ஓடுபாதை தெரியுது, பாருங்க" என்றார் தேர்வாளர், முதல் முறையாகச் சிரித்து.

மருந்துக்காரர் தலையைத் தூக்கினார். மழையில் நனைந்த ஓடுபாதை, விளக்குகளோடு, நேர் எதிரே. பார்த்தார். உடனே தலையைக் குனிந்து ஒவ்வொரு முள்ளாக ஒரு சுற்றுப் பார்த்து முடித்தார். அதன் பிறகுதான் கதவிலிருந்து தோளை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.