ஜெயமேரி என் பின்னால் நின்று பேசிய நாள்

இரண்டு நாள் தங்கச் சிதம்பரம் போயிருந்தேன். மகன் பாஸ்கர் வீட்டில் காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்தபோது செய்தி வந்தது. கடலூரிலிருந்து ஜெயமேரியின் மகள் ஷீலா கைப்பேசியில் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா விடியக்காத்தால போயிட்டாங்க. தூக்கத்துலயே." இட்லித் தட்டை நகர்த்திவிட்டுக் காரை எடுக்கும்படி பாஸ்கரிடம் சொன்னேன்.  செம்மங்குப்பம் பக்கம் வந்ததும், கண்ணாடியை ஏற்றியிருந்தும் தொழிற்சாலைகளின் ரசாயன நெடி உள்ளே வந்தது. "இங்கதானேம்மா அவுங்க வேலை பாத்தாங்க?" என்றான். முப்பது வருடம் என்றேன். 

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஜெயமேரியை நர்சம்மா என்பார்கள். செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது இளையவர். எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அழைப்புமணி இருந்தும் அதை அவர் அழுத்தியதில்லை. செருப்போடு கூடம்வரை வருவார். பலமுறை கண்டித்துவிட்டேன். "உங்க வீட்டுத் தரை ஆஸ்பத்திரி தரைய விட சுத்தம் மேடம். வெறுங்கால வைக்க எனக்கே பயமா இருக்கு" என்று பதில் வரும். சர்க்கரை வியாதிக்காரர். ஆனால் என் வீட்டுக் காபியில் மட்டும் இரண்டு கரண்டி சர்க்கரை கேட்பார். கண்டித்தால், "நர்சுக்கு யாரு மேடம் நர்சு?" என்பார்.

தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களைப் பற்றி ஒருநாள் சொன்னார். வடிகட்டி வைத்த கனமான முகக்கவசத்தை முதல் நாள் மாட்டியதும் மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் என்று பிடுங்கி எறிவார்களாம். இவர் அவர்களை உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்தபடி மெதுவாக மூச்சு விடச் சொல்வாராம். "பாதி மூச்சு முட்டுது, பாதி பயம் முட்டுது மேடம். பயத்த முதல்ல எறக்கி வச்சா, மீதிய தாங்கிக்கலாம்." அதை அன்று சுவையான கதையாகத்தான் கேட்டேன். சில வருடங்கள் கழித்து அவர் என் மணிக்கட்டையும் பிடிக்க வேண்டி வந்தது.

நான் தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவள். ட்ரங்க் கால் காலத்தில் எந்த ஊர் எந்த எண் என்று ஒருமுறை சொன்னால் போதும். அழைத்தவரிடம் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கும் ஆபரேட்டர் பெண்களை நான் மேசைக்கு அழைத்துக் கண்டித்திருக்கிறேன். என் காது அப்படிப்பட்டது என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

கொரோனா வந்தது. ஊரே முகக்கவசம் போட்டது, நானும் போட்டேன். அதன் பிறகு என் தலைக்குள் ஏதோ கெட்டுப்போனது. மருந்துக் கடையில் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னேன். வங்கியில் கவுண்டர்ப் பெண் மூன்று முறை ஏதோ சொல்லிவிட்டு, அலுத்துப்போய் எழுதிக் காட்டினாள். சாயங்காலமானால் நெற்றி வலித்தது. முகக்கவசம் போட்டால் மூளைக்குக் காற்றுக் குறையும், ஞாபகம் போகும் என்று உறவினர் ஒருவர் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அச்சில் வரும் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கிற நான் அதை அப்படியே நம்பினேன்.

அந்த நாட்களில் பாஸ்கர் சிதம்பரத்திலிருந்து வந்தால் உள்ளே வரமாட்டான். எனக்குத் தொற்றிவிடக்கூடாதென்று முகக்கவசத்தோடு வாசல் கேட்டுக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போவான். ஒருநாள் வெகுநேரம் பேசினான். நான் "சரிப்பா, சரி" என்று தலையாட்டினேன். அடுத்த வாரம் மருமகளோடு வந்து நின்றான். ஒன்றாம் தேதி என் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வருகிறார்கள், சாமான்களை ஏற்ற வண்டி சொல்லியாகிவிட்டது என்றான். அவன் கையில் கொடுத்த வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

"யாரைக் கேட்டுச் சொன்னாய்?" என்றேன்.

அவன் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினான். "அம்மா, போன வாரம் நீதான சரின்ன? சிதம்பரத்துக்கே வந்துடறேன்னு தலையாட்டின. ஞாபகம் இல்லையா?"

இல்லை. ஒரு சொல்கூட நினைவில் இல்லை. மருமகள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. "டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம்மா. இனிமே தனியா இருக்க வேணாம்" என்று குழந்தையிடம் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். என் கணவர் போன பிறகு பதினொரு வருடம் தனியாக நடத்திய வீடு. அது என் கையைவிட்டுப் போவதைவிட, மகன் அப்படி நிறுத்தி நிறுத்திப் பேசியதுதான் என்னை நடுங்க வைத்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெயமேரி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர்கள் போனதும் வந்தார். முகக்கவசம் என் மூளையைத் தின்றுவிட்டது என்றேன். அவர் வாதாடவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை எடுத்து வந்தார். முகக்கவசம் இல்லாமல் ஒருமுறை பார்த்தார். பிறகு அதைப் போட வைத்து, மணிக்கட்டைப் பிடித்தபடி என்னை வீட்டைச் சுற்றிப் பத்துமுறை நடத்திவிட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் தொண்ணூற்றேழு. "மூளைக்குப் போற காத்து அப்படியே போவுது" என்றார்.

அடுத்து என்னை முற்றத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரில் தள்ளி நின்று, முகக்கவசம் இல்லாமல் பேசினார். எல்லாம் விளங்கியது. முகக்கவசம் போட்டுப் பேசினார். பாதி விளங்கியது. பிறகு அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போனார். எப்போது பேசப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

முன்னால் வந்து என் கையைத் தொட்டார். "மூணு தடவ சொன்னேன் மேடம். உங்க காபி வாயில வைக்க முடியலன்னு. நீங்க மகாராணி மாதிரி உக்காந்திருக்கீங்க."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, முதல்முறையாக என்னை அக்கா என்றார். "மாஸ்க் உங்க மூளைய ஒண்ணும் பண்ணலக்கா. காது எப்பவோ மந்தமாயிடுச்சி. உங்களுக்கே தெரியாம எங்க உதட்ட பாத்துப் பாத்துக் கேட்டுட்டு இருந்திருக்கீங்க. மாஸ்க் உதட்ட மூடிடுச்சி, அவ்வளவுதான். மூளை பாவம், பாதி வார்த்தைய வச்சி மீதிய யூகிச்சி யூகிச்சிக் களைச்சிப் போவுது. தலவலி அதுலதான். எங்க ஃபாக்டரி பாய்லர் ஆளுங்க அத்தன பேரும் இப்படித்தான். சத்தத்துல காது போயிருக்கும், ஒத்துக்க மாட்டானுங்க. சூப்பர்வைசர் மாஸ்க்கோட வந்து எது சொன்னாலும் சரி சார், சரி சார்னு தலைய ஆட்டுவானுங்க."

பாய்லர் ஆட்களோடு என்னைச் சேர்ப்பதா என்று அவரை வெளியே போகச் சொன்னேன். இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கும் செயல் அது. அவர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி நின்று, என் முகம் பார்த்துச் சொன்னார். "நான் உங்க புள்ளகிட்ட சொல்ல மாட்டேன். மறதி வந்துடுச்சின்னு அவரு நெனைக்கிறது உங்களுக்குச் சம்மதம்னா அப்படியே இருக்கட்டும். காது கேக்கலன்னு சொல்றத விட அது மேலா?"

கைப்பேசியின் ஒலியை நான் எப்போதோ கடைசிவரை கூட்டி வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. பாஸ்கரை அழைத்தேன். "அன்றைக்கு வாசல் கேட்டில் நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்காமலே தலையாட்டினேன். என் காது போய்விட்டது" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.  "இத சொல்றதுக்கா இவ்ளோ நாள்?" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டான். வாடகைக்கு வர இருந்தவர்களிடம் மன்னிப்பும் கேட்டான்.

ஜெயமேரியிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. காபி அனுப்பினேன், மூன்று கரண்டி சர்க்கரையோடு. புரிந்துகொண்டார். சிதம்பரத்தில் காது மருத்துவரிடம் என்னை அழைத்துப் போனவரும் அவர்தான். காது மிஷின் வந்த பிறகு வேறொரு தொல்லை. முகக்கவசத்தைக் கழற்றும்போதெல்லாம் அதன் காது நாடாவில் சிக்கி மிஷினும் தெறித்து விழுந்தது. இரண்டாவது முறை அது சாக்கடை ஓரம் விழுந்ததும், தலைக்குப் பின்னால் நாடா கட்டுகிற மாதிரி ஆறு முகக்கவசம் தைத்துக் கொடுத்தார். தையல் கோணல்மாணல். நான் அதையும் சொன்னேன். "மூஞ்சிக்கு மாட்டறது மேடம், கண்காட்சிக்கு இல்ல" என்றார்.

ஜெயமேரியின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கடற்காற்று பலமாக அடித்தது. இளம் பாதிரியார் குழியின் அந்தப் பக்கம் குனிந்து நின்று, தாளைப் பார்த்து ஜெயமேரியைப் பற்றி ஏதோ வாசித்தார். சுற்றி நின்றவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். எனக்கு மிஷின் வழியாகக் காற்றுதான் கேட்டது. நான் கையை உயர்த்தினேன். "ஃபாதர், எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் வந்து, முகம் தெரிகிற மாதிரி சொல்ல முடியுமா?"

பாஸ்கர் திகைத்து என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்த வயதான ஆட்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கும் ஒண்ணும் கேக்கல ஃபாதர். நாங்கல்லாம் பாய்லர் செக்‌ஷன். நர்சம்மா இருந்தா திட்டியிருப்பாங்க."

பாதிரியார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குழியைச் சுற்றி எங்களிடம் வந்து, நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து சொன்னார்.

கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு எழுபத்து மூன்று வயதுவரை தெரியாது. ஜெயமேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான். அதைக் கொண்டுதான் இன்றும் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக் கதவை நானே திறக்கிறேன், நானே பூட்டுகிறேன்.