ரூகிஸ்பெர்க்கில் ஒரு குசினியைத் தேடி

மே மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் லீவு போட்டுவிட்டு நானும் மனைவி சுமதியும் சுவிஸ் மலையூரான ரூகிஸ்பெர்க்கில் இடிந்து கிடக்கும் பழைய மடத்தைப் பார்க்கப் போனோம். பழைய மடங்களில் எனக்கு ஆர்வம் என்று சொன்னால் பொய். ஊஸ்டரில் இருபத்திரண்டு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். வில் நகரில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. சுமதி போய்ப் பார்த்தாள், நான் போகவில்லை. எடுப்பதா இல்லையா என்று அன்று மாலை நான்கு மணிக்குள் சொல்லவேண்டும். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

8.10க்கு ரயில். சூரிச்சிலும் பேர்ணிலும் மாறி, கடைசியாக மலையேறும் பஸ். பதினொரு மணிக்குச் சற்று முன் இறங்கினோம். ஐந்து நிமிட நடை. நுழைவுக் கட்டணம் கிடையாது.

தேவாலயத்தின் ஒரு பகுதி மட்டும் உயரமாக நிற்கிறது. துறவிகள் சமைத்த, உண்ட, உறங்கிய கட்டடங்கள் புல்லுக்குள் தாழ்ந்த கல் வரிசைகளாகக் கிடக்கின்றன. நான் நிற்காமல் சுற்றினேன். நிமிடத்துக்கொருமுறை போனைப் பார்த்தேன். முதியோர் இல்லக் குசினியில் சமையல் வேலை செய்யும் சுமதியோ ஒரு மூலையைக் காலடியால் அளந்துகொண்டிருந்தாள்.

"இதுதான் குசினியா இருக்கும்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

புல் வெட்டிக்கொண்டிருந்த மனிதரிடம், சமையல் வேலை செய்யும் என் மனைவி இப்படிச் சொல்கிறாள், சரியா என்று ஜெர்மனில் கேட்டேன். தோளைக் குலுக்கினார். "எனக்கும் தெரியாது. ஆனால் சமைக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார்.

அவர் போனதும் சுமதி கல்லில் உட்கார்ந்தாள். "இஞ்சருங்கோ, நான் காலமையே அந்த வீட்டுக்கு ஓம் எண்டு எழுதி அனுப்பிப்போட்டன்."

"என்னைக் கேக்காமலோ?"

"மூண்டு கிழமையாக் கேட்டனான். நீங்கள் எழும்பி எழும்பிப் போனியள்."

கோபத்தில் மறுபடி எழும்பித்தான் போனேன். மூன்று சுற்றுச் சுற்றினேன். கல்வரிசை நாலு பக்கமும் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் போக இடமில்லை. திரும்பி வந்தபோது அவள் புட்டுப் பெட்டியைத் திறந்து எனக்கும் பங்கு வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்கு: பஸ் அடிக்கடி வராது, திரும்பும் நேரத்தை முதலே பார்த்து வையுங்கள். நாங்கள் ஒன்றைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். புல் ஈரமாக இருக்கும், காலுக்கு நல்ல சப்பாத்து வேண்டும். சாப்பாடு கொண்டுபோங்கள். அவசரமாகப் பதில் சொல்லவேண்டிய விஷயம் ஏதும் இருந்தால், சொல்லிவிட்டுப் போங்கள். எதிரே விரியும் மலைக்காட்சியை நான் சரியாகப் பார்த்ததே பஸ் நிறுத்தத்தில்தான்.

அங்கே வாங்குப் பலகையில் இருந்தபடி கேட்டேன்: "அந்த வீட்டில பல்கனி இருக்கோ?"

"இருக்கு. ரெண்டு கதிரை போட்டு இருக்கலாம்."