தூக்கிக் குடித்த ஒயின்

"எந்த இனிப்புக்கு எந்த ஒயின்னு என்னைக் கேளுங்கோ. காபியெல்லாம் கர்நாடகம்!" என்று மயிலாப்பூர் வங்கிக் கிளையில் சக ஊழியர்களிடம் முழங்கியவர் ராகவேந்திரன். வாழ்நாளில் ஒரு சொட்டும் அருந்தாதவர். ஞானம் முழுக்க யூடியூப்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று, மனைவி ஜலஜாவை அசத்தியே தீர்வதென்று அடையாறில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்கு அழைத்துப்போனார். சாக்லேட் கேக்குக்குச் சிவப்பு ஒயின்தான் என்று தீர்ப்பளித்தார். சர்வர் ருசி பார்க்கக் கொஞ்சம் ஊற்றினார். ராகவேந்திரனோ, சின்ன வயதுப் பழக்கத்தில், கோப்பை உதட்டில் படாமல் அண்ணாந்து கவிழ்த்தார். மூக்கும் வெள்ளைச் சட்டையும் நனைந்தன. பக்கத்து மேசை திரும்பியது.

"ஏன்னா, எச்சில் பட்டுடும்னு இங்கேயுமா தூக்கிக் குடிக்கணும்?" என்றாள் ஜலஜா, துடைத்துவிட்டபடி.

காது சிவக்க, தலை நிமிராமல், சர்வரிடம் முணுமுணுத்தார்:

"ரெண்டு காபி. டபரா டம்ளர்ல."