மாடிப்படியில் ரோமெல்

அயோனி கிட்டென்ஸோடு பதினொரு வருஷம் ஒரே வண்டியில் வேலை பார்த்தேன். மஞ்சள் பள்ளி பஸ்ஸுக்கு நான் டிரைவர், அவள் மேட்ரன். பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் மாட்டி, சண்டை தீர்த்து, வாந்தி துடைத்து, பள்ளி வாசலில் டீச்சர் கையில் ஒப்படைப்பது அவள் வேலை. புரூக்ளினில் எங்கள் கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் கரீபியன் தீவுக்காரர்கள். அவளும் பார்படாஸ், நானும் பார்படாஸ். விடியற்காலை வண்டியில் ஏறும்போது குட் மார்னிங் சொல்லாதவன் முகத்தில் நாங்கள் இருவருமே அன்று முழுக்க விழிக்க மாட்டோம்.

நான் கொஞ்சம் முன்கோபி. ரோட்டை அடைத்துக் காரை நிறுத்துகிற பணக்காரத் தகப்பன்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அயோனி என் தோளில் தட்டி, "விடுங்க மிஸ்டர் லேயின், கத்தினா கார் நகருமா? உங்க பிரஷர்தான் ஏறும்" என்பாள். கையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு பேக்ஸ் இருக்கும், வீட்டில் மாவைத் தட்டிப் பொரித்த எங்கள் ஊர்ப் பலகாரம். ஒன்று எனக்கு.

மேட்ரன்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பள்ளி வாசற்படியைத் தாண்டக் கூடாது. பிள்ளையின் கை டீச்சர் கைக்குப் போனதும் திரும்பி வண்டிக்கு வந்துவிட வேண்டும். எங்கள் தடத்தில் எட்டுப் பள்ளிகள். எந்த வாசலில் எந்த டீச்சர் சிரிப்பாள், எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒன்றின் உள்ளேயும் அவள் கால் வைத்ததில்லை.

அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். ரோமெல், கியானா. ரோமெல் வாயாடி. கியானா வாயே திறக்க மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் ரோமெலின் காதில் முணுமுணுப்பாள், அவன் உலகத்துக்கு அறிவிப்பான். ஒருமுறை கம்பெனி பிக்னிக்கில் நான் அவளிடம், "உனக்கு ஜூஸ் வேணுமாம்மா?" என்றேன். அவள் அண்ணன் காதைத் தேடிப் போனாள். அண்ணன் என்றால் ஏழு நிமிஷம் மூத்தவன். அவன் என்னைப் பார்த்து, "அவளுக்கு மாம்பழ ஜூஸ் வேணும், ஐஸ் வேண்டாம், உங்க தொப்பி பிடிக்கலயாம்" என்றான்.

நாலு வயதில் இரண்டுக்கும் பள்ளி தேட வேண்டி வந்தது. எங்கள் தடத்தில் ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். மணியடித்தால்தான் கதவு திறக்கும். அங்கே சேர்க்கை பார்க்கிற அம்மாள் தினமும் வாசலில் அயோனியைப் பார்க்கிறவர், வண்டிப் பிள்ளைகளை அவள் தூக்கி இறக்குகிற விதத்தைக் கவனித்தவர். "உங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்களேன்" என்று அவரே கூப்பிட்டார். போனார்கள், பிள்ளைகளை மட்டும் உள்ளே கூட்டிப்போய் விளையாட வைத்துப் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் இடம் என்று கடிதம் வந்தது. நாம் கட்ட வேண்டிய பள்ளிச் சம்பளத்தில் பெரும் பகுதியைப் பள்ளியே ஏற்கும். இரட்டையரை நாங்கள் பிரிப்பதில்லை என்று ஒரு வரி தனியாகப் போட்டிருந்தார்கள்.

அதே பனிக்காலத்தில் அரசுப் பரீட்சையும் எழுத வைத்திருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று அரசுப் பள்ளிகளில் தனி வகுப்பு உண்டு, அதற்கான பரீட்சை. எழுத வைத்தாள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளை தனியாக ஒரு அறைக்குள் போய், முன்பின் தெரியாத ஒரு பெண் காட்டுகிற படங்களில் சரியானதைத் தொட்டுக் காட்ட வேண்டும். கியானா பேசாமல் போனாள், பேசாமல் தொட்டாள், பேசாமல் வந்தாள். ரோமெல் வெளியே வரவே வெகுநேரமாயிற்று. வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு. "அந்த மிஸ்ஸுக்கு நிறைய விஷயம் தெரியல மம்மி. குடைக்குக் கீழ ஏன் ஆளே இல்லன்னு கேட்டேன், முழிக்கிறாங்க. நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டு வந்தேன்."

ஏப்ரலில் மதிப்பெண் வந்தது. கியானாவுக்குத் தொண்ணூற்றேழு. ரோமெலுக்கு எண்பத்திநாலு. தொண்ணூறு வேண்டும்.

கியானாவுக்கு இடம் கிடைத்த வகுப்பு வேறெங்கோ இல்லை, அவர்கள் தெருவுக்கான அரசுப் பள்ளியிலேயே இரண்டாம் மாடியில் இருந்தது. ரோமெல் சாதாரண வகுப்பில் அதே பள்ளியில் கீழே சேரலாம். தனியார் பள்ளி அம்மாள் நல்லவர், அந்த வாரம் வரை இரண்டு இடங்களையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் கார்லைல் ஒரு பெரிய குடியிருப்பில் பாய்லர் பார்க்கிறவன். அதிகம் பேசாதவன். "ஒண்ணா வந்ததுங்க, ஒண்ணாவே போகட்டும். தனியார்லயே போடு" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டி பேக்ஸ் தின்றுகொண்டிருந்தோம். அவள் தின்னவில்லை.

"அந்தப் பள்ளியில என் பிள்ளைங்களுக்கு என்ன பேர் தெரியுமா மிஸ்டர் லேயின்? பஸ்காரி பிள்ளைங்க. நான் கைபிடிச்சு இறக்கிவிடுற பிள்ளைங்களே நாளைக்கு அதுங்களைச் சொல்லும்."

"சொல்லும்தான்" என்றேன்.

"சம்பளச் சலுகையும் வருஷா வருஷம் புதுசா கேக்கணுமாம். ஒரு வருஷம் ஒருத்தருக்கு மட்டும்தான்னு சொல்லிட்டா? அரசுப் பள்ளியில யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது. ஆனா ரோமெல் கீழ, அவ மேலன்னா..."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். பணக்காரப் பள்ளி என்றாலே எனக்கு இருந்த எரிச்சல் பேசியது. "அட, ஒரே கட்டடம்தானே அயோனி? ஒரே வாசல்ல போகப் போறாங்க, ஒரே வாசல்ல வரப் போறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்? பணக்காரன் வீட்டு மணியடிச்சு நிக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பேக்ஸை எடுத்துக் கடித்தாள். எனக்கும் அவளுக்கும் தெரிந்த பள்ளிக்கூடம் அவ்வளவுதான், வாசல் வரைதான். ஒரே வாசலில் நுழைகிற பிள்ளைகள் உள்ளேயும் ஒன்றாகத்தான் இருப்பார்கள் என்று இரண்டு பேரும் நம்பினோம். உள்ளே வேலை பார்க்கிற ஒரு சமையல்காரியைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பாள். வெள்ளிக்கிழமை அவள் தனியார் பள்ளி வாசலில் அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்றாள்.

பள்ளி வருஷம் பிறந்தது. காலையில் அவள் என்னோடு வண்டியில் இருப்பாள், பிள்ளைகளைக் கார்லைல்தான் கொண்டு போய் விடுவான். பள்ளி முற்றத்தில் இரண்டு வரிசை என்று அவன்தான் வந்து சொன்னான். மேல் வகுப்புக்குப் பச்சைக் கோடு, பக்கவாட்டுக் கதவு. மற்றவர்களுக்கு மஞ்சள் கோடு, பெரிய கதவு. சாப்பாட்டு நேரம் வேறு, விளையாட்டு நேரம் வேறு. முதல் நாள் கியானா பச்சைக் கோட்டில் நின்றுகொண்டு மஞ்சள் கோட்டையே பார்த்தாளாம். நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அயோனிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கியானா பேச ஆரம்பித்தாள். வேறு வழியில்லை, மேலே அவளுக்காகப் பேச ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் முழு வாக்கியங்கள். அடுத்த வருஷம் நிறுத்த முடியாத பேச்சு. முதலில் அயோனி சந்தோஷப்பட்டாள், வண்டியில் வந்து அவள் பேசியதையெல்லாம் எனக்குப் பேசிக் காட்டினாள். ரோமெல் எவ்வளவு குறைந்துகொண்டு வந்தான் என்பது அந்தச் சத்தத்தில் எங்களுக்குத் தெரியவில்லை. அவன் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். வருஷத்தில் மூன்று டீச்சர் மாறினார்கள். வீட்டில் ஏதாவது கேட்டால் தோளைக் குலுக்குவான். தனியார் பள்ளி அம்மாளிடம் அயோனி வாசலில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். இடம் இல்லை என்று அவர் உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னார்.

ரோமெலுக்கு ஆறு வயது நடந்தபோது அவன் டீச்சர் போன் செய்தார். தினமும் பதினொன்றேகாலுக்குப் பாத்ரூம் போகிறேன் என்று போகிறான், பத்து நிமிஷம் ஆகிறது திரும்பி வர, ஒருமுறை வந்து பேச முடியுமா என்று. எங்கள் வண்டி பிரேக் பழுதாகிப் பட்டறையில் நின்ற நாளில் அவள் போனாள். வாசலில் சட்டையில் ஒரு சீட்டு ஒட்டி உள்ளே விட்டார்கள். இந்த ஊரில் முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்தின் உள்ளே நடக்கிறாள். கால் கூசியது என்றாள்.

நடையின் கோடியில் மாடிப்படி. பாதிப் படியில், திரும்புகிற இடத்தில், ரோமெல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். பாத்ரூமுக்குப் போக அனுமதிச் சீட்டாகக் கொடுக்கிற மரக்கட்டை கையில். சட்டையை உள்ளே சொருகி, விறைப்பாக நின்றான். அவள் கூப்பிட வாயெடுத்தாள், அதற்குள் மேலிருந்து காலடிச் சத்தம். மேல் வகுப்பு இரண்டிரண்டாகச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தது. அயோனி கீழே திறந்து வைத்திருந்த பெரிய கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். ஏன் ஒதுங்கினேன் என்று தெரியவில்லை என்றாள்.

கியானா தன் வகுப்புப் பெண் ஒருத்தியோடு கை கோத்து வந்தாள், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. ரோமெலைக் கடந்தாள். அவன் பார்த்தான். அவள் பார்த்தாளா என்று அயோனிக்குத் தெரியாது. படி முடிந்து கதவருகே வந்தபோது அந்தப் பெண் கேட்டது அயோனி காதில் விழுந்தது.

"அந்தப் பையன் ஏன் தினமும் அங்கேயே நிக்கிறான்?"

"தெரியல," என்றாள் கியானா. "கீழ் வகுப்புப் பையன்."

அயோனி மகளைத் திட்டவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும். பிள்ளைகள் சாப்பாட்டு அறைக்குள் போனதும் ரோமெலைக் கைபிடித்து நேராக ஆபீஸுக்குப் போனாள். மேல் வகுப்பு இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற தாளைக் கேட்டு வாங்கினாள். பேனாவைத் திறந்தபோது அவன் கேட்டான்.

"என்ன எழுதறீங்க மம்மி?"

"கியானாவை உன் க்ளாஸுக்கே கூட்டிட்டு வரப் போறேன்டா. இனி ஒண்ணாவே இருங்க."

"வேண்டாம்."

"ஏன்டா? அவளைப் பாக்கத்தானே தினமும் அங்க போய் நிக்கிற?"

பல நாளாகத் தோளைக் குலுக்கியே பதில் சொன்ன பையன் அன்றைக்குப் பேசினான். "எங்க க்ளாஸ்ல யாருக்குமே மேல ஆள் இல்ல. எனக்கு மட்டும்தான் இருக்கு. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அவ கீழ வந்துட்டா எனக்கு என்ன இருக்கும்?"

மறுநாள் பெல்ட் மாட்டிக்கொண்டே இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். அன்று அவள் மனதை மாற்றியது நான்தான் என்பதை அவளிடம் சொல்லி அழ வேண்டும்போல இருந்தது. சொல்லியிருந்தால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்திருப்பாள், அதனால் சொல்லவில்லை.

"தாளை என்ன பண்ணின?" என்று மட்டும் கேட்டேன்.

மடித்துப் பையில் போட்டுக்கொண்டாளாம். கியானா சொன்னதை அவனிடம் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன் என்றாள். பையனை வகுப்பில் விட்டுவிட்டு டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "பதினொண்ணேகாலுக்கு அவனை விட்டுடுங்க மிஸ். அவனை ஒண்ணும் கேக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டாளாம். டீச்சர் சரி என்றாராம். அந்த வருஷம் முடிகிற வரை தினமும் விட்டார்.