கையில் இருந்த சங்கரன்

பேத்தி தோளில் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றாள். டெட்டால் வாசனையை மீறி எனக்கு மஞ்சளும் விளக்குக் கரியும்தான் மணத்தன. எழுபதுகளில், சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில், கல்யாணம் நிச்சயமான பூரிப்பில் என் சித்தி பச்சை குத்திக்கொள்ளக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவர் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்பதால் கோபுரத்தைக் காட்டினாள்.

“சாமி பேரா, ஆசாமி பேரா தாயி?” என்று பச்சை குத்துபவள் சிரித்தாள்.

“ஆசாமிதான்,” என்றேன், துணைக்குப் போயிருந்த நான்.

தைக்குள் அந்தச் சங்கரன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதன்பின் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் காபியை வாங்குமுன் சித்தியின் கையைப் படித்துவிட்டுப் போனார்கள்.

“அழியாதுன்னா என்ன வே, அதே பேருல வேற மாப்பிள்ள பாரும்,” என்றார் தரகர், தாத்தாவிடம். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு சங்கரன். மிஞ்சியிருந்தவர் மனைவியை இழந்த ஐம்பது வயதுக்காரர்; அவருக்கே சித்தியைக் கட்டிவைத்தார்கள்.

கெஜட்டில் பெயர் மாற்ற நடைமுறை உண்டு, அரசு வேலையில் இருந்தபோது நானே பலருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்; தோலுக்கு விதி கிடையாது. கணவர் பெயர் கேட்ட அலுவலகங்களிலெல்லாம் சித்தி கடைசிவரை வாய் திறக்காமல் கையைத்தான் நீட்டினாள். எந்தச் சங்கரன் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை.